நகம் வெளுத்தவர்களுக்கு வேலை

"உக்காந்து எந்திரிச்சா உனக்குத் தலை சுத்துமாம்மா?"

கம்பெனி வாசலில் ஆள் எடுத்த அன்று டாக்டர் மாதங்கி ஜெனோவாவிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். என்ன படித்தாய், முன்னால் எங்கே வேலை பார்த்தாய், கல்யாணம் ஆகிவிட்டதா, எதுவும் கேட்கவில்லை. ஜெனோவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன் டாக்டரம்மா. இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம்னு தூக்கிட்டு ஓடுவேன்."

தலை சுற்றுகிறவளை எந்த மடையன் வேலைக்கு எடுப்பான் என்பது அவள் கணக்கு. டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தை அமுக்கி விட்டுப் பார்த்தாள். அழுகிய தக்காளியைத் தள்ளி வைக்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்து நின்றவள் ஜெனோவாவின் தங்கை பிரகாசி. அவளுக்கு அப்போதே தலை சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து வெயிலில் நிற்கிறாள். வயிற்றில் வெறும் கஞ்சித் தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு, "சுத்தும்" என்றாள். டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல இடத்துச் சம்பந்தம் அமைந்த மாதிரி பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பிரகாசிக்கு இறால் உரிக்கும் வேலை கிடைத்தது. கல்லு மாதிரி இருந்த ஜெனோவாவுக்குக் கேன்டீனில் டீ போடும் வேலை.

"வேலைக்கு ஆள் எடுக்கச் சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குதாவ" என்று வீடு வந்து சேரும்வரை ஜெனோவா பொருமினாள். தேர்வில் முதன்முதலாகப் பாஸானவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது பிரகாசியின் முகம்.

சிலுவைத்துறையில் கடல் வற்றவில்லை, மீன்தான் வற்றியிருந்தது. ஆண்கள் படகைக் கரையேற்றிவிட்டு அதன் நிழலில் படுத்துக்கிடந்த நேரத்தில்தான் இறால் கம்பெனி வந்தது. பண்ணை இறால் லாரி லாரியாக வந்து இறங்கும். பெண்கள் ஐஸில் கைவிட்டு உரித்துக் குவிக்க வேண்டும். இறாலின் தலைக்கொம்பு குத்தாத விரல் அந்த ஊரில் கிடையாது. குத்திய இடம் வீங்கும், சீழ் வைக்கும், கை பொங்கும். அந்தச் சீழ்க் கிருமி ஒரு பெட்டியில் இருப்பதாகத் தெரிந்தாலும் வெளிநாட்டுக்காரன் கப்பலையே திருப்பி அனுப்பிவிடுவான். கம்பெனி பெண்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுத்திருக்கலாம். கையுறை போட்டால் உரிக்கிற வேகம் குறைகிறதாம். அதனால் ஒரு கிருமியை வளர்த்துப் பெண்களின் உடம்புக்குள் விட்டது.

அதற்கு 'காப்பு' என்று பெயர் வைத்தவர் நலத்துறை மேலாளர் கிருபாகரன். பேர் வைப்பதும் பேசுவதும்தான் அவர் வேலை. முதல் ஊசி போட்ட அன்று பங்குச்சாமியார் ஊசிப் பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். கிருபாகரன் மைக்கைப் பிடித்தார்.

"சகோதரிகளே! உங்க ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் ஒரு காவல்காரனை அனுப்பறோம். அவன் சம்பளம் கேக்க மாட்டான். லீவு கேக்க மாட்டான். சங்கம் வைக்க மாட்டான்."

டீ டிரம்முக்குப் பின்னால் நின்ற ஜெனோவா, "அப்ப உங்களுக்குப் பிடிச்ச ஆளுதான்" என்றாள். கேட்ட இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

பொய் சொல்லக் கூடாது. காப்பு வேலை செய்தது. காலையில் குத்திய கொம்புக் காயம் சாயங்காலம் தடமில்லாமல் மூடிக்கொண்டது. கைபொங்கி வீட்டில் கிடந்தவர்கள் எல்லாம் வரிசைக்குத் திரும்பினார்கள். அதோடு சில விதிகளும் வந்தன. முருங்கைக் கீரை கூடாது. ஈரல் கூடாது. பேரீச்சை, கருப்பட்டி கூடாது. வாரத்துக்கு ஒருமுறை நகப் பரிசோதனை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்னே ஆளுக்கொரு கிளாஸ் கடுந்தேநீர், பால் இல்லாமல், நாக்கு மரத்துப்போகிற கசப்பில், இலவசமாக.

இலவசம் என்றதும் ஊரே உருகிவிட்டது. ஜெனோவாவும்தான். டீத்தூளை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டால் தார் மாதிரி இறங்கும் என்பதில் அவள் கைதேர்ந்தாள். தங்கைக்கு மட்டும் அடி டிகாக்‌ஷனைத் தனியாக எடுத்து வைத்து, "நல்லாக் குடி, தெம்பா இருக்கும்" என்று இரண்டு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பாள்.

உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் முன் உடம்பைத் தேற்றுவார்கள். சிலுவைத்துறையில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு போனார்கள். கம்பெனி வெளுத்த நகத்தைத்தான் எடுக்கிறது என்று தெரிந்ததும் வயசுக்கு வந்த பெண்களுக்கு ஒருவேளைச் சோற்றைக் குறைத்தார்கள். வீட்டுக்கு வீடு நின்ற முருங்கையை வேரோடு வெட்டி, தேர்த்திருவிழாச் சமையலுக்கு விறகாக்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்கள். "பிள்ளைக்கு நகம் நல்ல வெளுப்பு. படியேறினா மூச்சு வாங்கும், பாத்துக்கிடுங்க" என்று தரகர் கூச்சமில்லாமல் சொன்னார். பிரகாசிக்கு அப்படித்தான் ததேயு அமைந்தான். கல்யாண வீட்டில் அவன் தன் நண்பர்களுக்கு மனைவியின் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.

பிறகு மிக்கேலம்மாள் செத்துப்போனாள்.

அவள் பிரகாசிக்குப் பக்கத்து மேசையில் உரித்தவள். கரு கலைந்து படுத்தவளுக்கு அவள் அம்மா பொறுக்க மாட்டாமல் ஆட்டு ஈரலும் சத்து டானிக்கும் கொடுத்தாள். கன்னம் சிவந்து எழுந்து உட்கார்ந்தாள். எழுந்த வேகத்தில் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் முடியவில்லை, கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டினார்கள். கிருபாகரன் பெரிய மாலையோடு வந்தார். "ஈரல் தின்னிருக்காங்க" என்று ஒவ்வொருவர் காதிலும் தாழ்ந்த குரலில் சொன்னார், செத்தவளுக்குக் கள்ளத் தொடர்பு இருந்த மாதிரி. மறுநாள் கேன்டீன் சுவரில் மிக்கேலம்மாளின் படம் போட்ட பேனர் தொங்கியது. 'விதிகளை மதிப்போம், உயிரைக் காப்போம்.'

பிரகாசி அப்போது உண்டாகியிருந்தாள். வயிறு மேடு தட்டிய பிறகு அரசு நர்ஸ் வீட்டுக்கு வந்து இரத்தம் குத்திப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டுப் பிள்ளை பெத்தா, தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல" என்று சிவப்பு மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். இரும்பு மாத்திரை. பிரகாசி அதை வாங்கி வேலிக்கு அப்பால் வீசினாள். ஜெனோவா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன செய்த?"

"மாத்திரை போட்டா மிக்கேலம்மா மாதிரி காய்ச்சல்ல சாவேன். போடலன்னா பிரசவத்துல சாவேன். எது லேசுன்னு சொல்லுக்கா, அதச் செய்யுதேன்."

ததேயு வாசலில் வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தான். "மைனி, கம்பெனிக்காரங்கிட்ட நயமாப் பேசிப் பாருங்க. வேலைக்குப் பங்கம் வராமப் பேசுங்க" என்றான். ஜெனோவா அவனைப் பார்த்த பார்வையில் வலை தீப்பிடித்திருக்க வேண்டும்.

மறுநாள் அவள் டாக்டர் மாதங்கியின் அறைக்குப் போனாள். கையோடு ஒரு கிளாஸ் டீயும் கொண்டுபோனாள். வெறுங்கையோடு போனால் காவலாளி விடமாட்டான்.

"எந் தங்கச்சி உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குப் புரியும்படிச் சொல்லுங்க டாக்டரம்மா."

டாக்டர் டீயை வாங்கிக்கொண்டாள். யோசித்தாள். ஒருவேளை அதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது, சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"கிருமி உள்ள வந்தா நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு அதை முழுங்கிடும்மா. முழுங்கி, ஒரு பைக்குள்ள போட்டு, அமிலத்தை ஊத்திக் கரைச்சிடும். அதுதான் அதோட வேலை. எங்க கிருமி, முழுங்குன்னு தானே போய் நிக்கும். பைக்குள்ள போனதும் அமிலம் வர்ற வழியை அடைச்சிடும். அப்புறம் அங்கயே இருந்துடும்."

"திருடன் போலீஸ் ஸ்டேஷன்லயே குடியிருக்கான்னு சொல்லுங்க."

"ஆமா. அங்க யாரும் தேட மாட்டாங்க இல்லையா?"

"வாடகை குடுக்கானா?"

"வேற கிருமி உள்ள நுழைஞ்சா இது கொல்லும். தன் சாப்பாட்டுல இன்னொருத்தன் கை வைக்கறதை இது பொறுக்காது. அதனாலதான் உரிக்கிறவங்களுக்குப் புண் சீக்கிரம் ஆறுது."

"அப்ப எங்களக் காப்பாத்தல. அது சோத்தத்தான் காப்பாத்துது."

"அப்படியும் சொல்லலாம்." டாக்டர் டீயை உறிஞ்சினாள். "அதோட சாப்பாடு இரும்பு. நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்பு. கிடைச்சா பெருகும், கிடைக்கலைன்னா தூங்கும். பொதுவா இந்த மாதிரி சந்தர்ப்பவாதக் கிருமிங்க ஆள் பலமா இருக்கிறவரை அடங்கி இருக்கும், தளர்ந்தா பாயும். எங்களோடது தலைகீழ். ஆள் தளர்ந்து இருக்கிறவரை அடங்கி இருக்கும். தேறினா பாயும்."

"வேணும்னே அப்படிச் செஞ்சீயளா?"

"இல்லம்மா. அப்படி ஆயிடுச்சு. முதல்ல வேற ஒரு ஊர்ல, நல்லாத் தேறின ஆளுங்களுக்குப் போட்டோம். காய்ச்சல் வந்துச்சு. கிருமியைத் திருத்த நாலஞ்சு வருஷம் ஆகும்னு சொன்னோம். கிருமியை மாத்தறதைவிட ஆளை மாத்தறது சுலபம்னு மேல முடிவு பண்ணாங்க."

ஜெனோவா டாக்டரின் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். "அந்த டீ?"

"சாப்பிட்ட உடனே கடுந்தேநீர் குடிச்சா, சாப்பாட்டுல இருக்கிற இரும்பு உடம்புல சேராது."

ஜெனோவாவுக்கு அடி டிகாக்‌ஷன் ஞாபகம் வந்தது. தங்கைக்கென்று தனியே எடுத்து வைத்து, ஆறாமல் மூடி வைத்து, ஆசை ஆசையாக ஊற்றிய இரண்டு கிளாஸ். உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு மருந்தே இல்லியா?"

"மருந்து ரத்தத்துல ஓடும். இது பைக்குள்ள தூங்குது. அந்த மருந்து வளர்ற கிருமியைத்தான் கொல்லும், தூங்கறதை ஒண்ணும் செய்யாது. ஒரே வழிதான் இருக்கு. இரும்பை ஊசியில ஏத்தி, மொத்தத்தையும் ஒரே நேரத்துல எழுப்பி, வெளிய வரும்போது மருந்தைக் கொட்டணும். குரங்குகளுக்குச் செஞ்சு பார்த்தோம்."

"பொழச்சுதா?"

"அநேகமா."

"அநேகமான்னா?"

"பொழச்சதுதான் அதிகம்."

"அத எந் தங்கச்சிக்குச் செய்யுங்க."

"கம்பெனி விடாது. வேலையை விட்டா காப்பு தானா உடம்பை விட்டுப் போயிடும்னு அரசாங்கத்துக்கிட்ட சொல்லியிருக்கோம். வைத்தியம்னு ஒண்ணு ஆரம்பிச்சா, போகலைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஜெனோவா அன்று மத்தியானமே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். டிரம்மின் மேல் கரண்டியால் தட்டி, எல்லோரும் திரும்பிய பிறகு சொன்னாள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் கம்பெனி என்ன செய்துவிட முடியும் என்று கேட்டாள். வரிசைத் தலைவி குழந்தைத்தெரேஸ் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி ஜெனோவா, உன் நகம் செவப்பா இருக்குன்னு உன்னய உள்ள எடுக்கல. அந்த எரிச்சல எங்க டீயில கலக்காத."

கூடம் சிரித்தது.

"நான் சொல்லல தெரேசக்கா, டாக்டரம்மா சொன்னாவ."

"சொல்லட்டும். கம்பெனிய மூடிட்டுப் போயிட்டா எம் புருசன் வலைக்கு நீயா மீன் கொண்டாந்து மாட்டுவ? உன் தங்கச்சிக்குப் பயமா இருந்தா வீட்டுல இருக்கச் சொல்லு. அவ எடத்துக்கு எம் மச்சினி காத்துக் கெடக்கா, நகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

இன்னொருத்தி, "மிக்கேலம்மா வாயக் கட்டியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா" என்றாள். அதற்கும் தலையாட்டினார்கள்.

பிறகு கிளாஸை நீட்டினார்கள். டீயின் மகிமை தெரிந்துவிட்டதால் பலர் இரண்டாவது கிளாஸும் கேட்டார்கள். கேன்டீன் தொடங்கிய நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாக டிரம் காலியானது. ஜெனோவா ஊற்றினாள். ஊற்றாமல் நிறுத்திவிட்டால் ஒவ்வொருத்தியாக மிக்கேலம்மாள் ஆவாள். ஊற்றினால் இப்படியே வெளுத்துக் கிடப்பாள். இத்தனை பேரை இந்த நிலையில் நிறுத்திவிட்டு, கரண்டியை மட்டும் தன் கையில் கொடுத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. கிருபாகரன் அந்தப் பக்கமாக நடந்துபோனார். வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

அப்போதுதான் டாக்டர் மாதங்கி இறங்கி வந்து பெண்களோடு வரிசையில் நின்றாள். தினமும் வருவாள். மற்ற அதிகாரிகள் மாடியில் ஏசி அறையில் பால்காப்பி குடிப்பார்கள். இவள் மட்டும் சாப்பிட்ட கையோடு கீழே வந்து கடுந்தேநீர் குடிப்பாள். 'எவ்வளவு எளிமை பாத்தியா' என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது. டிரம்மில் டீ இல்லை என்றதும் டாக்டரின் முகத்தில் ஒரு கணம் ஓடி மறைந்தது பயம். எளிமைக்காரியின் முகத்தில் அது ஏன் வர வேண்டும்?

ஜெனோவா அவள் பின்னாலேயே மாடியேறினாள். கதவைச் சாத்தினாள்.

"நீங்களும் காப்புப் போட்டவதானா?"

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் முதல் ஆள். மனுஷங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி எங்க குழுவுலேர்ந்தே ஒருத்தர் போட்டுக்கணும்னாங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேர் முதல்ல வரும்னு சொன்னாங்க."

"வந்துதா?"

"மூணாவதா வந்துச்சு."

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை. டாக்டர் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"உங்க தங்கச்சிக்கு நான் செய்யறேன். திருவிழா லீவுல என் குவார்ட்டர்ஸ்ல வச்சு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அதுவரை 'நீ' என்றவள் முதன்முதலாக 'உங்க' என்றாள். ஜெனோவாவுக்கு அது இனிக்கவில்லை, உறைத்தது.

"எரக்கமா டாக்டரம்மா?"

"அதுவும்தான்."

"அதுவும்னா, இன்னொன்னு எது?"

டாக்டர் சன்னலைப் பார்த்தாள். "எனக்கும் குழந்தை பெத்துக்கணும்னு இருக்கு."

"சரிதான். குரங்குக்கு அடுத்தது எந் தங்கச்சி. அவளுக்கு அடுத்தது நீங்க."

"ஆமா" என்றாள் டாக்டர். "வேற யாராவது செய்யறேன்னு சொல்றாங்களா?"

ஜெனோவா அதை அப்படியே தங்கையிடம் போய்ச் சொன்னாள், ஒரு சொல்லும் மாற்றாமல். பிரகாசி வயிற்றைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அந்தம்மா ஒளிக்காமச் சொல்லிட்டா. மத்தவன் எவனும் இம்புட்டும் சொல்லலியே. எனக்குப் பிள்ளைய மட்டும் ஒண்ணும் செய்யாதான்னு கேட்டுச் சொல்லு."

கேட்டார்கள். தாயின் இரத்தத்துக்கும் குழந்தையின் இரத்தத்துக்கும் நடுவே இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது, இது அதைத் தாண்டியதாகப் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னாள். குரங்குகளில் ஒன்றாவது சினையாக இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை, அக்காவுக்கும் தங்கைக்கும்.

தேர் இழுக்க ஊர் முழுவதும் கோயிலுக்குப் போயிருந்தபோது பிரகாசியின் கையில் ஊசி ஏறியது. கறுத்த சிவப்பில் இரும்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாயங்காலத்துக்குள் உடம்பு கொதித்தது. பல் கிட்டித்தது. அடுத்த பாட்டிலில் கிருமியைக் கொல்லும் மருந்து ஓடியது. பிரகாசி பிதற்றினாள், கிருபாகரனின் பேச்சை அவர் குரலிலேயே பேசிக்காட்டி, ஒவ்வொரு வரிக்கும் நடுவே அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டினாள். விழித்திருக்கும்போது ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவள். ஜெனோவா ஈரத்துணி மாற்றிக்கொண்டே, "இன்னும் நல்லாச் சொல்லு" என்றாள், சொல்லிவிட்டு அழுதாள்.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து காய்ச்சலைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். பொங்கப் போகும் பாலை இறக்கி வைக்கக் காத்திருப்பவளைப் போல் இமைக்காமல் பார்த்தாள். அதில் பொய்யில்லை. பிரகாசி பிழைக்க வேண்டும் என்று ஜெனோவாவுக்கு இணையாக வேண்டிக்கொண்டவள் அந்த அறையில் அவள்தான். தன் உயிருக்காக வேண்டுகிறவளின் வேண்டுதலில் ஒரு தனித் தீவிரம் உண்டு.

தேர் நிலைக்கு வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. இரத்தத்தில் கிருமி இல்லை. அதன்பின் பிரகாசி முருங்கைக் கீரை கேட்டாள். ஊரில் மரமில்லை; ஜெனோவா பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். பிரகாசி கருப்பட்டியும் தின்றாள். நடையில் மூச்சு வாங்குவது நின்றது.

அடுத்த நகப் பரிசோதனையிலேயே பிடித்துவிட்டார்கள். கட்டைவிரல் நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. 'உடல் தகுதி இழப்பு' என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். ததேயு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ரத்தம் ஊறிட்டே மைனி, இனி என்ன செய்ய?"

"ஊறுனத எறைச்சா கொட்ட முடியும்? பொண்டாட்டி உசுரோட இருக்கான்னு மெழுகுவத்தி கொளுத்து, போ."

பிரசவம் சுலபமாக நடந்தது. தாய்க்கு இரத்தம் போனது. போனது போக மிச்சமும் இருந்தது. பெண் குழந்தை. ஜெனோவா குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டாள். ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வேலை போனவள் வீடு என்பதால் கொஞ்சம் இளக்காரமாகவும், தாய் பிழைத்துவிட்டாளே என்பதால் கொஞ்சம் பொறாமையாகவும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குழந்தைக்குப் பேர் வைத்த சில நாளில் வாசலில் கம்பெனி ஜீப் நின்றது. கிருபாகரன் இறங்கினார். பின்னால் டாக்டர் மாதங்கி. ஜீப்பைப் பார்த்ததும் குழந்தைத்தெரேஸ் உட்பட பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கிருபாகரன் குனிந்து உள்ளே வந்து, வெல்வெட் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசைக் காட்டினார்.

"ஆஸ்பத்திரியில எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தை எங்க ஆய்வகத்துல இலவசமாப் பரிசோதிச்சோம். சந்தோஷமான செய்தி. குழந்தை பிறக்கும்போதே காப்போட பிறந்திருக்கு! ஊசியே தேவையில்லை. இந்தியாவுலயே, ஏன், உலகத்துலயே முதல் குழந்தை. பெரியவளானதும் நம்ம கம்பெனியில இடம் உறுதி. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"குடுத்து வச்சவ" என்றாள் குழந்தைத்தெரேஸ். உண்மையாகவே சொன்னாள்.

பிரகாசி குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். ஜெனோவா கிருபாகரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாள்.

"நடுவுல தடுப்பு இருக்குன்னு சொன்னீய."

"தூங்கிட்டிருந்தவரை தாண்டலை" என்றாள் டாக்டர். கிருபாகரன் பெண்களிடம் கொலுசைக் காட்டத் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினாள். "எழுப்பினப்போ... மருந்து போய்ச் சேர்றதுக்குள்ள சிலது அந்தப் பக்கம் போயிருக்கு."

"அப்ப இவளுக்கும் எழுப்பி அடிங்க."

"இந்த உடம்பு தாங்காது."

"எப்பத் தாங்கும்?"

"நல்லா வளர்ந்து, உடம்பு தேறினப்புறம்..."

"வளர என்ன வேணும்?"

"இரும்பு" என்றாள் டாக்டர். எல்லோரும் அந்தப் பதிலைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கொலுசுப் பெட்டியைப் பார்த்தார்கள்.

கிருபாகரன் தாராளமாகச் சிரித்தார். "கவலையே வேண்டாம். இப்போதைக்குத் தாய்ப்பால் போதும். கொஞ்சம் பெரிசானா ஒரு மூடி தேநீர். அதுக்குத்தான் நம்ம ஜெனோவாம்மா வீட்டுலயே இருக்காங்களே!"

யாரோ சிரித்தார்கள். குழந்தை பால் தேடி வாயை அசைத்தது. ஜெனோவா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். வாசல் மேட்டை ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கன்னம் நிரம்பியிருந்தது. கண்ணுக்கடியில் எப்போதும் இருந்த கருவளையத்தைக் காணோம்.

"நீங்க எப்பப் போட்டுக்கிட்டீய டாக்டரம்மா, அந்த இரும்பு ஊசிய?"

கிருபாகரன், "எந்த ஊசி?" என்றார்.

டாக்டர் மாதங்கி கீழே வைத்திருந்த பையை எடுத்தாள். பிரகாசியின் மடியில் கிடந்த குழந்தையை ஒருமுறை பார்த்தாள். கூடியிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து வெளியேறி, ஜீப்பில் ஏறாமல், கடற்கரைச் சாலையில் வேகமாக நடந்து போனாள்.